ரீஸ்டார்ட் சார் வீட்டு லேப்

அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அது புழக்கத்தில் இல்லை. அந்த இன்சூரன்ஸ் ஆபீசில் வாசல் காவலாளி முதல் மேல்மாடி அதிகாரி வரை எல்லோருக்கும் அவர் ரீஸ்டார்ட் சார். கம்ப்யூட்டர் நகரமாட்டேன் என்கிறதா, பிரிண்டர் பேப்பரை மென்று துப்புகிறதா, ஹெல்ப் டெஸ்க்குக்குப் போன் போட்டால் எதிர்முனையில் ஒரே குரல், ஒரே வைத்தியம்: "ஒரு தடவை ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்களேன்." பாதிக்கு மேல் சரியாகியும் விடும். சரியாகாத கேஸுக்கு மனுஷன் கொஞ்சம் யோசிக்கிற மாதிரி தொண்டையைச் செருமிவிட்டு, "இன்னொரு தடவை பண்ணுங்க" என்பார். இந்த ஒரே வித்தையை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணைப் படிக்க வைத்து வேலைக்கும் அனுப்பிவிட்டார். சாமர்த்தியமில்லை என்று யார் சொல்ல முடியும்?

வினை புது மேனேஜர் உருவத்தில் வந்தது. வந்த ஆள் சும்மா இருந்தாரா? ஹெல்ப் டெஸ்க் வேலையை மொத்தமாக ஒரு வெளிக் கம்பெனியிடம் கொடுத்துவிடப் போகிறோம் என்று கூட்டம் போட்டுச் சொன்னார். ஆபீசில் மிஞ்சப்போவது ஒரே ஒரு நாற்காலி, நெட்வொர்க் பார்க்கிறவருடையது. பழைய நெட்வொர்க்காரர் நல்ல சம்பளம் கிடைத்தது என்று முந்தின மாதம்தான் கம்பியை நீட்டியிருந்தார். அந்த நாற்காலிக்கு வேண்டும் என்கிறவர்கள் செய்முறைப் பரீட்சைக்கு உட்காரலாம், நிஜ ரவுட்டரில், மேனேஜர் கண்ணெதிரே. ரவுட்டர் என்பது ஒன்றும் பெரிய ரகசியமில்லை. தலைமை ஆபீசிலிருந்து கிளைகளுக்குப் போகிற தகவலுக்கு 'நீ இப்படிப் போ, நீ அப்படிப் போ' என்று வழி சொல்லும் இரும்புப் பெட்டி. அந்தப் பெட்டிகளைக் கட்டி மேய்ப்பதுதான் அந்த வேலை.

ரீஸ்டார்ட் சார் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயசில், 'எனக்கு ஆஃப் பண்ணவும் தெரியும், ஆன் பண்ணவும் தெரியும்' என்று எந்த ஆபீஸ் வாசலில் போய் நிற்பது? வீட்டில் மனைவி தைக்கிறாள்தான். அவள் ஒருத்தி தைத்து வீட்டு வாடகையும் கட்டி, இவருக்குக் காப்பியும் கொடுக்க முடியாது. அந்த நாற்காலி கிடைத்தாக வேண்டும். இல்லையென்றால் நடுத்தெரு.

போட்டிக்கு நின்றது இன்னும் ஒரே ஆள்தான், பக்கத்து மேஜை டிபன் பாக்ஸ். இவர் வயசுதான் அந்த அம்மாவுக்கும். ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே மறு கையால் டைப் அடிக்கிறவள் என்பதால் அந்தப் பட்டம். பழைய ஆள் போனதிலிருந்து நெட்வொர்க்கைத் தற்காலிகமாக அவள்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். போட்டியாளர் என்றாலும் மனசில் கல்மிஷம் இல்லை. அவளாகவே வந்து சொன்னாள்.

"சார், ஒரு சாஃப்ட்வேர் இருக்கு. இலவசம். ரவுட்டர் எல்லாம் படமா வரும், கமாண்ட் அடிச்சா நிஜம் மாதிரியே பதில் சொல்லும். நான் அதுலதான் பழகறேன். உங்களுக்கும் போட்டுத் தரட்டா?"

ரீஸ்டார்ட் சார் ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள், அறிவாளிகள் அடுத்தவரைப் பார்த்துச் சிரிப்பது. "படத்துல இருக்கிற தண்ணியில நீச்சல் கத்துக்கச் சொல்றீங்களா? இரும்பைத் தொடணும்மா, இரும்பை! நான் வீட்டுலயே லேப் போடப் போறேன்."

உடம்பைக் குறைக்க வேண்டும் என்று தோன்றியதும் ஓடப் போகாமல் ஷூ வாங்கப் போகிற ஜாதி ஒன்று உலகத்தில் இருக்கிறது. நம்ம ஆள் அந்த ஜாதியின் தலைவர். பரீட்சைப் புத்தகம் ஒன்றை முதல் நாளே வாங்கினார். தலையணை மாதிரி இருந்தது. மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூடக் கிழிக்காமல் அலமாரியில் வைத்துவிட்டு, எந்த மாடல் ரவுட்டர் வாங்குவது என்று இன்டர்நெட்டில் ஆராய்ச்சியில் இறங்கினார். இதற்கு அது மேல், அதற்கு இது மேல் என்று முன்பின் தெரியாத ஆட்களெல்லாம் அடித்துக்கொள்வதை ஒரு வாரம் வாய் பிளந்து படித்தார். கேட்டால், "படிச்சிட்டிருக்கேன்" என்பார். பொய் இல்லையே!

பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கிற கடை ஒன்றைப் பிடித்தார். கடைக்காரருக்குக் கேரண்டி என்று பெயர், தெருவே அப்படித்தான் கூப்பிடும். கேபிள் குடலாகத் தொங்க, கீபோர்டுகள் மலையாகக் குவிய, நடுவில் ஒரு ஸ்டூலில் அவர் உட்கார்ந்திருப்பார். ஆபீசுகள் கழித்துப் போடுகிற பெட்டிகள் மொத்தமாக அவரிடம்தான் வந்து சேரும்.

"இந்த ரவுட்டர் வேலை செய்யுமா?"

"டெஸ்ட் பண்ணதுண்ணே."

"என்ன டெஸ்ட் பண்ணீங்க?"

கேரண்டி பதில் பேசாமல் பிளக்கைச் சொருகினார். பச்சை விளக்கு எரிந்தது. உள்ளேயிருந்த ஃபேன் ஊளையிட்டது. "பாத்துக்கங்க, லைட் எரியுது. வேற என்ன செய்யணும் அது? பாட்டா பாடணும்?"

"கேரண்டி உண்டா?"

"கேட்டைத் தாண்டற வரைக்கும் முழு கேரண்டிண்ணே."

இதைக் கேட்டும் ஒருவர் வாங்குவாரா? வாங்கினார். குழந்தையைத் தூக்குவது போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து, மனைவி துணி வெட்டுகிற மேஜைமேல் இறக்கினார். வெட்டிப் போட்டிருந்த ஜாக்கெட் கை இரண்டும் பெட்டிக்கடியில் மாட்டிக்கொண்டன.

"என்னங்க இது?"

"ரவுட்டர்."

"அதான் வீட்ல ஒண்ணு இருக்கே, சுவத்துல?"

"அது பொம்மை. இது ஆபீசுக்கு வைக்கிறது."

"அப்போ ஆபீசுல வைக்க வேண்டியதுதானே! என் துணி மேல எதுக்கு வைக்கறீங்க?"

ஸ்விட்சைப் போட்டதும் வீட்டுக்குள் மாவு மில் ஓடுகிற சத்தம். அந்தச் சத்தத்துக்கு மேலே ஒரு உண்மை தெரிந்தது. பெட்டியோடு பேச வேண்டுமானால் அதற்கென்று ஒரு தனிக் கேபிள் வேண்டும், அது இல்லை. மறுபடி கேரண்டி கடை. கேபிளோடு வரவேண்டியவர் இன்னொரு ரவுட்டரோடும் வந்தார். ஒற்றை ரவுட்டர் யாரிடம் பேசும், அதுக்கும் ஒரு துணை வேண்டாமா என்பது அவர் வாதம். அடுத்த வாரம் மூன்றாவது வந்தது. இரண்டு பேர் பேசினால் நடுவில் ஒரு ஆள் வேண்டுமாம்.

"ஏங்க, பேசி முடிச்சு இதுங்களுக்குள்ள கல்யாணம் பண்ணி வைக்கப் போறீங்களா?" என்றாள் மனைவி. "சரி, பேச ஆரம்பிச்சிடுச்சா?"

"இன்னும் இல்ல. அடுக்கி வைக்க ஒரு ஸ்டாண்டு வாங்கணும்."

ஸ்டாண்டும் வந்தது. தையல் மிஷின் சமையலறைக்குக் குடிபோனது. குக்கருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கழுத்துப்பட்டி தைத்தாள். வாடிக்கைக்காரிகள் அளவு கொடுக்க அடுப்படிக்கு வந்து போனார்கள்.

இந்த லட்சணத்தில், எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் "வீட்ல லேப் போட்டிருக்கேன்" என்று பெருமை வேறு. அதன் பலனை ஒருநாள் காலையில் அனுபவித்தார். கீழ்வீட்டுப் பெரியவர், ரிட்டயரான ரயில் டிரைவர், கைத்தடியோடு படியேறி வந்து சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"வெறும் வயித்தோட வந்திருக்கேன் தம்பி. ரத்தத்தை எடுத்துக்கோ. சக்கரை எவ்வளவுன்னு மத்தியானத்துக்குள்ள சொல்லிடுவியா?"

இது வேறு லேப் என்று விளக்கியதும் பெரியவருக்குக் கோபமான கோபம். "ரத்தம் எடுக்கத் தெரியாதவனுக்கு லேப் என்னத்துக்கு?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார். சமையலறையில் மிஷின் ஓடுகிற சத்தம் நின்றது. மனைவி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள்.

சிரித்து முடித்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே நின்றாள். "பரீட்சைக்கு இன்னும் எவ்வளவு நாள் இருக்கு?"

"கிட்ட வந்துடுச்சு. ரவுட்டரோட சேர்க்கற ஸ்விட்ச் பெட்டி ஒண்ணு மட்டும் வாங்கிட்டா—"

"வாங்கறது எல்லாம் வாங்கியாச்சுங்க. இனிமே படிக்கணும். அதுதானே பயம் உங்களுக்கு?"

சுருக்கென்று தைத்தது. வாழ்க்கையில் முதல் முறையாக அந்த மனுஷன் கம்ப்யூட்டர் முன்னால் பயந்துபோய் உட்கார்ந்தார். கேபிளைச் சொருகினார். ரவுட்டர் விழித்துக்கொண்டு பாஸ்வேர்ட் என்ன என்று கேட்டது. பழைய சொந்தக்காரர்கள் போட்ட பூட்டு. சாவி யாரிடம் கேட்பது? புத்தகத்தின் பிளாஸ்டிக் உறை அன்றைக்குத்தான் கிழிந்தது.

புத்தகம் சொன்ன வழியைப் படித்ததும் அவருக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. பூட்டை உடைக்க என்ன செய்ய வேண்டுமாம் தெரியுமா? ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ண வேண்டும்! அது விழிக்கிற நேரம் பார்த்து ஒரு பொத்தானை அழுத்தினால், சேமித்து வைத்ததைப் படிக்காமல் பெட்டி திறந்துகொள்ளும். "அடி சக்கை!" என்று கத்தியே விட்டார். ஊரெல்லாம் கேலி செய்த வித்தை! ஆஃப் பண்ணினார், ஆன் பண்ணினார், அழுத்தினார். நேரம் தப்பியது. திரும்பவும் பண்ணினார். இந்த விஷயத்தில் மட்டும் அவரிடம் பொறுமைக்குப் பஞ்சமில்லை. பெட்டி திறந்துகொண்டது. உள்ளே சேமித்திருந்த சங்கதிகளைத் திரையில் வரவழைத்தார்.

முதல் வரியில் அவருடைய ஆபீஸ் பெயர் இருந்தது.

ஏதோ கண்கட்டு என்றுதான் முதலில் நினைத்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஆபீஸ் பெயர், கிளைகளின் பெயர், ஒவ்வொரு கிளைக்குமான வழி, எல்லாவற்றுக்கும் மேலே அப்பட்டமாக, எழுத்துக்கு எழுத்து, நெட்வொர்க் பாஸ்வேர்ட். மற்ற இரண்டு பெட்டிகளையும் திறந்தார். அவற்றிலும் அதே கதை. போன வருஷம் ஆபீசில் கழித்துக் கட்டிய ரவுட்டர்கள்! அவற்றில் உள்ளதையெல்லாம் அழித்துவிட்டு அனுப்பும் பொறுப்பு யாருக்குக் கொடுக்கப்பட்டது? சாட்சாத் இவருக்குத்தான். பழைய நெட்வொர்க்காரர் சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொன்றாக அழித்து, ரீஸ்டார்ட் செய்து, தள்ளுவண்டியில் ஏற்றிவிட்டு, "எல்லாம் சுத்தம் சார்" என்று மார்தட்டியவரும் இவர்தான்.

"அழிச்சேனே! என் கையால அழிச்சேனே!" என்று புலம்பிக்கொண்டே ஒரு பெட்டியைக் கிடைத்த பாஸ்வேர்டைப் போட்டு வழக்கம்போல் கிளப்பி, மறுபடி அழித்துப் பார்த்தார். ரீஸ்டார்ட் கொடுத்தார். பெட்டி ஒரு கேள்வி கேட்டது: மாற்றங்கள் இருக்கின்றன, சேமிக்கட்டுமா? 'ஆமாம்' என்று அடித்தார். பெட்டி அணைந்து எழுந்தது. ஆபீஸ் பெயர் அப்படியே திரும்ப வந்து நின்றது.

அப்போதுதான் உறைத்தது. அழித்ததைச் சேமிக்கட்டுமா என்று கேட்பதாக இவர் நினைத்துக்கொண்டிருந்தார். அது கேட்டது வேறு. 'என் நினைப்பில் இன்னும் இருக்கிறதே, அதையெல்லாம் திரும்ப எழுதி வைக்கட்டுமா?' என்று கேட்டது. வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சேமிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று எவனாவது சொல்வானா? ஒரு வண்டி ரவுட்டருக்கும் வரிசையாக ஆமாம் போட்டு, அழித்ததையெல்லாம் பத்திரமாகத் திருப்பி எழுதி, ஆபீஸ் சாவியைக் கேரண்டி கடைக்கு அனுப்பி வைத்துவிட்டு, அதையே காசு கொடுத்து வாங்கி வந்திருக்கிறார் மகானுபாவர்.

கேரண்டி கடைக்கு ஓடினார். "இதே மாதிரி மீதி எல்லாம் எங்கங்க?"

"போயிடுச்சுண்ணே, அங்க ஒண்ணு இங்க ஒண்ணா. உங்கள மாதிரியே லேப் வைக்கறவங்கதான் வாங்கிட்டுப் போறாங்க. ஏண்ணே, நல்லா ஓடுதா? வேணும்னா சொல்லுங்க, ஒண்ணு ரெண்டு தேடிப் பிடிச்சுத் தரேன்."

மனைவியிடம் சொன்னார். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டுக்கொண்டாள். "நாளைக்கே போய் ஆபீசுல சொல்லிடுங்க."

"சொன்னா அப்பவே வெளிய அனுப்பிடுவாங்க. பரீட்சை முடியட்டும். வேலை என் கைக்கு வந்துட்டா நானே எல்லாத்தையும் கமுக்கமா மாத்திடுவேன். யாருக்கும் தெரியாது."

"ஆமா, உங்களுக்குக் கமுக்கம் ஒண்ணுதான் குறைச்சல்" என்றாள் அவள்.

பயம் வந்தால் படிப்பு வரும் போலிருக்கிறது. அதற்கப்புறம் அவர் படித்த படிப்பை அவர் அப்பா பார்த்திருந்தால் அழுதிருப்பார். சொந்த ஆபீசின் வரைபடமே மூன்று பெட்டிகளில் உயிரோடு உட்கார்ந்திருக்கிறதே! எந்தக் கிளை எந்த வழியில் போகிறது, எது அறுந்தால் எது படுக்கும், எல்லாம் தலைகீழ்ப் பாடம். வேண்டுமென்றே கெடுப்பார், சரிசெய்வார். உள்ளே நுழைய ஒவ்வொரு தடவையும் அந்தப் பாஸ்வேர்டை அடிப்பார். அடித்து அடித்து அது விரலிலேயே ஊறிவிட்டது. வெறும் மேஜையில் தாளம் போட்டால்கூட அதுதான் வந்தது. வாங்கிய இரும்பு கடைசியில் உபயோகப்பட்டது என்று நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வயிறு எரிந்தாலும் உண்மை உண்மைதானே.

பரீட்சை நாள் வந்தது. ஜன்னலில்லாத குளிர் அறை, ஒரு மேஜை, நிஜ ரவுட்டர். கிளைகளில் ஒன்றை மேனேஜர் ரகசியமாகத் துண்டித்து வைத்திருந்தார். கண்டுபிடித்துச் சேர்க்க வேண்டும். டிபன் பாக்ஸ் முதலில் செய்தாள். திக்கித் திணறிச் சேர்த்துவிட்டாள். மேனேஜர் எல்லாவற்றையும் பழையபடி கெடுத்து வைத்துவிட்டு, "உங்க முறை" என்றார். அவள் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ரீஸ்டார்ட் சார் கீபோர்டை இழுத்துக்கொண்டார். அடுத்து நடந்தது சினிமா. வழிகளை வரவழைத்தார், ஒரே பார்வையில் கோளாறைப் பிடித்தார், இரண்டே வரி அடித்தார், துண்டித்த கிளை பேசியது. அதோடு விட்டாரா? "சார், தெற்குக் கிளைக்கும் மாற்று வழி ஒண்ணு இல்ல. என்னைக்காவது அறுந்தா படுத்துடும்" என்று வேறு சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். மேனேஜர் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். கை குலுக்கக் கையையும் நீட்டினார்.

நீட்டிய கை பாதியில் நின்றது.

"ஒரு நிமிஷம். உள்ள போகப் பாஸ்வேர்ட் கேட்டுதே, யார் போட்டது?"

ரீஸ்டார்ட் சார் கீபோர்டைத் தள்ளி வைத்தார்.

"நான் எழுந்து வந்து போடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீங்க உள்ள போயிட்டீங்க." மேனேஜர் மெதுவாகத் திரும்பினார். "இந்த ஆபீசுல அது ரெண்டே பேருக்குத்தான் தெரியும். ஒண்ணு நான்."

டிபன் பாக்ஸ் எழுந்து நின்றாள். "சத்தியமா நான் சொல்லல சார்."

"அப்போ அவருக்கு ஜோசியம் தெரியுமா? உங்ககிட்ட நம்பித்தானே கொடுத்தது?"

"என் பிள்ளைங்க மேல சத்தியமா சார்..." அவள் கை, நாற்காலியில் மாட்டியிருந்த பையின் வாரைத் தேடித் தேடித் தடவியது. எடுத்துக்கொண்டு கிளம்பச் சொல்வார்கள் என்று அந்தக் கைக்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது போல.

இந்த இடத்தில் நம்ம ஆள் செய்யவேண்டியது ஒன்றுமே இல்லை. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். போட்டிக்கு ஆள் கிடையாது, நாற்காலி மடியில் விழும். வாழ்நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்தே பேர் வாங்கிய மனுஷனுக்கு இது என்ன பெரிய காரியமா? அவரும் உட்கார்ந்துதான் இருந்தார். அந்த அம்மாவின் கையைப் பார்க்காமல் இருந்திருக்கலாம். பாழாய்ப்போன கண் அங்கேதான் போய் நின்றது.

"அவங்க சொல்லல சார்" என்றார். "நான்தான் வித்தேன்... அதாவது, நான் அழிக்காம விட்டேன். போன வருஷம் போன ரவுட்டர் எல்லாத்துலயும் அது அப்படியே இருக்கு. மூணு என் வீட்ல இருக்கு. மீதி ஊர் பூராப் போயிருக்கு."

ஒன்றுவிடாமல் சொன்னார். பெட்டி கேட்ட கேள்வி, இவர் போட்ட ஆமாம், எல்லாம். மேனேஜர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"கொஞ்ச நாளாச்சு சார்."

"அன்னைக்கே வந்து சொல்லியிருந்தா இந்த வேலையை உங்களுக்கே கொடுத்திருப்பேன். அவ்வளவு நல்லா செஞ்சீங்க." பெருமூச்சு விட்டார். "இப்ப கொடுக்க முடியாது. அவங்கதான் பாப்பாங்க."

டிபன் பாக்ஸ் பொத்தென்று உட்கார்ந்தாள். நன்றியா சொன்னாள்? "இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா சார்? பாதி உசிரு போச்சு எனக்கு!" என்று சீறினாள். சீறி முடித்து அழுதாள்.

பூட்டை எல்லாக் கிளையிலும் இன்றைக்கே மாற்றியாக வேண்டும். எந்தக் கிளை எந்த வழி என்று அங்கே மூச்சுவிடாமல் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர்தான். "முடிச்சுக் கொடுத்துட்டுப் போங்க, இன்னைக்கோட உங்க வேலை சரி" என்றார் மேனேஜர். ஆக, நெட்வொர்க் நாற்காலியில் ரீஸ்டார்ட் சார் உட்கார்ந்தார். டிபன் பாக்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து புதுப் பாஸ்வேர்டை மட்டும் இவர் முகத்தைத் திருப்பச் சொல்லிவிட்டு அடித்தாள். கிளை கிளையாகப் போனார்கள். ஒரு இடத்திலும் தடுமாறவில்லை, ஒரு கிளையும் படுக்கவில்லை. நடுவே காப்பி வந்தது. நெட்வொர்க் சாருக்கு என்று சொல்லி அவர் முன்னால் வைத்துவிட்டுப் போனான் கேன்டீன்காரன். விஷயம் அவன் காதுக்கு இன்னும் எட்டவில்லை.

கடைசியாக, வேலையை விட்டுப் போனவர்களின் கணக்குகளை நீக்க வேண்டும் என்று பெயர்களைப் படித்தாள் அந்த அம்மா. பழைய நெட்வொர்க்காரர் பெயர் போனது. அடுத்த பெயரைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். சம்பளச் சீட்டில் மட்டும் வருகிற அந்தப் பெயர்.

"நான் பண்ணிடறேன் சார், நீங்க கிளம்புங்க."

"விடும்மா, கையோட முடிச்சிடலாம்" என்று அவரே நீக்கினார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி அடுப்படியில் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள்.

"என்னங்க ஆச்சு? வேலை கிடைச்சுதா?"

"கிடைச்சுது" என்றார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். "சாயங்காலம் வரைக்கும் இருந்துச்சு."